சொல்லியிருந்தால் செய்திருப்பேன்

மில்லில் முப்பத்து நாலு வருஷம் பற்று வரவு எழுதிய கை. ஓய்வு பெற்ற மறுவாரமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். காரணம் ஒரு வாய்ச்சண்டை. "வீட்டுல பாதி வேலை நானும்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். மனைவி மறுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் டீச்சர், ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. மறுத்திருந்தால் பேசி ஜெயித்திருப்பேன். பேசாமல் போனதால் கணக்கு எழுத வேண்டியதாயிற்று.

முதல் நாள் கணக்கு:

வாசலிலிருந்து பால் பாக்கெட் எடுத்து வந்தது, 1 நிமிடம். பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் தேடியது, 6 (கிடைக்கவில்லை, ஆணியில்தான் தொங்கியிருக்கிறது, அவள் வந்து எடுத்துக் கொடுத்தாள்). செடிக்குத் தண்ணீர், 5. வண்டி வந்ததும் குப்பை கொண்டுபோய்க் கொடுத்தது, 3. அம்மாவுக்கு மாத்திரை, 2. கரண்ட் பில் போனிலேயே கட்டியது, 5. ஆக 22 நிமிடம்.

தேடியதை வேலையில் சேர்க்கலாமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆடிட்டர் யாரும் இல்லாததால் சேர்த்துவிட்டேன்.

*

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய், ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டு எழுதியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் பார்க்கிறார்களே என்று நம் இனத்தின் மேல் எனக்கு ஒரு பெருமை வந்தது. பிறகு விவரத்தைப் படித்தேன். அந்த 97, அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்தவர்களின் சராசரி மட்டும். கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். மீதி 74 பேர் கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள். அவர்களுடைய பூஜ்யங்களைச் சேர்த்து வகுத்தால் என்ன வரும் என்று போட்டுப் பார்த்தேன். நோட்டில் எழுதவில்லை.

2024இல் மறுபடி எண்ணினார்கள். பெண்களுக்கு 289. பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அந்தப் பத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களாக்கும் என்று பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால் 88. அங்கேயும் ஒன்பது குறைவு. குழந்தைகளையும் வயசானவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு.

அப்படியானால் அம்மாவின் மாத்திரைக்குப் போட்ட 2 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். 20.

*

பெங்களூரிலிருந்து மகள் போனில்: "அவர் ரொம்ப ஹெல்ப் பண்றாருப்பா."

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோசை சுடுவது மூன்று ஜில்லாவுக்குத் தெரியும். என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்கிறாள், என் தங்கை தன் மாமியார் வீட்டில் சொல்கிறாள். "குடுத்து வெச்சவ" என்று எல்லோரும் ஒரு குரலில் சொல்கிறார்கள். அந்தத் தோசைக்குச் சனிக்கிழமையே ஊறப் போட்டு, ஆட்டி, கரைத்து வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை. திங்கள் முதல் சனி வரை அவள் சுடும் தோசைக்கு இதுவரை ஒரு போன் வந்ததில்லை.

*

என் அப்பா சாம்பாரை வாயில் வைக்காமலே, ஆவியை வைத்து உப்புக் குறைவு என்று சொல்லிவிடுவார். உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

*

கிரைண்டர் எங்கள் ஊர்ச் சரக்கு. 1955இல் கோவையில் பி. சபாபதி என்பவர் செய்து காட்டியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு கூட உண்டு. கல் கொத்துகிறவர், மோட்டார் சுற்றுகிறவர், பட்டறை, பவுண்டரி என்று எத்தனையோ ஆண்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப்பேர் கண்ணைக் கட்டிவிட்டாலும் கிரைண்டரைக் கழற்றி மாட்டுவார்கள். பெல்ட் அறுந்தால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஸ்பேனரோடு வந்து நிற்பார்கள்.

பழைய ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றுகிறது, குழவி நிற்கிறது. ஊரே கொண்டாட வேண்டிய மாற்றம்தான், சந்தேகமில்லை. ஒன்பது பேர் இருந்த வீட்டுக்கு அம்மா தினமும் கையால் ஆட்டியவள். அவள் தோள்பட்டையைக் கேட்டால் சொல்லும். 2011இல் தமிழக அரசு ரேஷன் அட்டைக்கு மிக்ஸி, கிரைண்டர், பேன் என்று மூன்றையும் விலையில்லாமல் கொடுத்தபோது, அம்மா அந்த டேபிள் டாப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் எது சுற்றினாலும் எது நின்றாலும், மாவு வழித்த பிறகு கல்லைத் தூக்கிக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் கை மாறவே இல்லை. பெல்ட் மாற்றினால் ரிப்பேர். கல் கழுவினால் பெண் வேலை. எடையைப் பார்த்தால் கல்தான் கனம்.

நோட்டு வாங்கிய பிறகு ஒருநாள் முதல்முறையாக நான் கழுவினேன். 19 நிமிடம். அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். "நீ ஏஞ்சாமி இதெல்லாம் பண்ற? வெய்யி, அவ வந்து கழுவிக்குவா." அவ வர அஞ்சு மணி ஆகும். அதுவரை மாவு காய்ந்து கல்லோடு கல்லாகிவிடும் என்பது அறுபது வருஷம் மாவாட்டிய அம்மாவுக்குத் தெரியாததா?

*

கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் ஆண். அவர் பெயர் மாஸ்டர். புரோட்டா கல்லில் நிற்பவர் ஆண், அவரும் மாஸ்டர். நளபாகம் உண்டு, பீமபாகம் உண்டு. தமயந்தி பாகம் என்று ஒன்று யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு சமையல் மாஸ்டர் இருக்கிறார். முகூர்த்த மாதங்களில் அவரைப் பிடிக்கவே முடியாது. வீட்டில் அவருக்குத் தண்ணீர்ச் சொம்பு உட்கார்ந்த இடத்துக்கு வர வேண்டும். கேட்டால், "வேலையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேனுங்க" என்கிறார்.

*

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பதிவுச் சீட்டில் 'தொழில்' என்று ஒரு கட்டம். ஒன்பது பேருக்கு மாவாட்டியது, கிணற்றில் சேந்தியது, இரண்டு மாடு, நாலு பிள்ளை. கவுண்டரில் இருந்த பெண் என்னைக் கேட்காமலே ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

கோடு இழுத்ததாவது பரவாயில்லை. சமைப்பது, பாத்திரம் கழுவுவது, பிள்ளை பார்ப்பது, தண்ணீர் பிடிப்பது என்று வீட்டோடு இருக்கும் பெண்களை 2001 மக்கள்தொகைக் கணக்கு 'வேலை செய்யாதோர்' பட்டியலில் வைத்திருந்தது. அதே பட்டியலில் பிச்சைக்காரர்களும் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டே 2010இல் ஒரு தீர்ப்பில் இதைச் சுட்டிக்காட்டி வருத்தப்பட்டது. கைதிக்கு நேரத்துக்குச் சோறு வரும், அதை அவரே சமைத்து ஒன்பது பேருக்குப் பரிமாற வேண்டியதில்லை என்ற வித்தியாசம் மட்டும் தீர்ப்பில் இல்லை.

தமிழ் இதற்கு ஈடு கட்டப் பார்த்தது. 'இல்லத்தரசி' என்று மகுடம் வைத்தது. கஜானா சாவி மட்டும் இன்னொருவர் பையில். இல்லாள் என்றால் வீட்டை ஆள்பவள். அதற்கு ஆண்பால் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் 'இல்லான்' என்று வருகிறது, ஒன்றுமில்லாதவன் என்று பொருள். இல்லாளுக்கு நேரான ஆண்பால் சொல்லை வைக்காமல் தப்பித்துக்கொண்டது மொழியா, நாங்களா, தெரியவில்லை.

*

அந்த 2010 தீர்ப்பு எதைப் பற்றியது என்று தேடிப் படித்தேன். சாலை விபத்தில் இறந்த ஒரு குடும்பப் பெண்ணுக்கு நஷ்டஈடு எவ்வளவு என்ற வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த அட்டவணை ஒன்றில் வருமானமில்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று உத்தேசக் கணக்குப் போட்டிருந்தார்கள். மனைவி என்றால் சம்பாதிக்கும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது சம்பளம் குறைந்த ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவள் ஊற்றும் தோசைக்கு விலை குறைவு. 2009இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டில் பெண் செய்யும் வேலைக்கு மதிப்புப் போட வேண்டும் என்று இதே மாதிரி ஒரு வழக்கில்தான் விரிவாக எழுதினார். 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ரமணா அந்த 299, 97 கணக்கை எடுத்து எழுதியதும் ஒரு விபத்து வழக்கில்தான்.

ராத்திரி சாப்பிடும்போது இதை மனைவியிடம் சொன்னேன். ஆக, வீட்டு வேலைக்கு இன்ன விலை என்று இந்த நாட்டில் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமானால் முதலில் ஒரு லாரி மோத வேண்டும்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்ப நான் ஹெல்மெட் போடறது உங்களுக்குத்தான் நஷ்டமுங்க."

*

பேக்கரியில் டீ குடிக்கும் கூட்டத்தில் இன்று பேச்சு உரிமைத்தொகை. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம். ஒரு கோடிக்கும் மேல் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது வேண்டுமென்றேதான். வாழ்நாள் முழுக்கச் சம்பளமில்லாமல் உழைத்ததற்கு ஓர் அங்கீகாரம் என்று அரசாணையே சொல்கிறது.

"சும்மா குடுக்கறாங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், "பொம்பளைகளைச் சோம்பேறி ஆக்கிப்போடுவாங்க."

நான் கணக்குக்காரன். 289 நிமிடத்தை முப்பதால் பெருக்கினால் மாதம் 144 மணி நேரம், சொச்சம் அரை மணி. 1,000ஐ அதால் வகுத்தால் மணிக்கு 6 ரூபாய் 92 காசு. சோம்பேறி ஆவதற்கு இந்த ரேட் எப்படிப் போதும்? கையில் இருந்த டீயின் விலையே அதைப்போல இரண்டு மடங்கு. அந்த டீயை மூன்று பேரும் ஒன்றரை மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு மாதாமாதம் வரும் பி.எஃப். பென்ஷனை யாரும் சும்மா வருவது என்று சொன்னதில்லை.

*

நோட்டின் 11ஆம் பக்கத்தில் ஒட்டி வைத்த பத்திரிகைத் துண்டு. 2023 ஜூன், சென்னை உயர் நீதிமன்றம். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்தவர். மனைவி நெய்வேலியில் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டவர். வாங்கிய சொத்தெல்லாம் என் சம்பாத்தியம் என்றார் கணவர். வீட்டை அவர் பார்த்துக்கொண்டதால்தானே இவர் அங்கே நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கேட்டு, பாதிப் பங்கு உண்டு என்றார். சமையல், வரவு செலவு, வைத்தியம், நிர்வாகம் என்று அந்த வேலையைத் துறை துறையாகப் பிரித்தும் எழுதியிருக்கிறார்.

நான் மில்லுக்கு ஒருநாளும் லேட்டாகப் போனதில்லை. அதற்கு ஒரு தீபாவளிக்கு எவர்சில்வர் குடம் பரிசு கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்குக் கையில் டிபன் டப்பாவைக் கொடுத்தவளுக்கு அந்தக் குடம்தான் போய்ச் சேர்ந்தது. தண்ணி பிடிக்க.

*

வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கத் தெரியாத்தனத்தைப் போல ஒரு வித்தை கிடையாது. மில் நண்பர் ஒருவர் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் ரசம் வைத்தார். வேண்டுமென்றே புளியைக் கொட்டினாரா என்பது அவருக்கும் பழனி முருகனுக்கும்தான் தெரியும். அதற்கப்புறம் முப்பது வருஷம் அவரை யாரும் அடுப்புப் பக்கம் கூப்பிடவில்லை. அதே மனிதர்தான் தெருவுக்கே வருமானவரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவர். எந்தப் பிரிவு, எந்தக் கழிவு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்றால் "ரெண்டும் மஞ்சளா இருக்குதுங்களே" என்பார்.

அவரைக் கிண்டல் செய்து இதை எழுதிவிட்டுப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். உண்மையிலேயே இரண்டும் மஞ்சள்தான்.

*

பாத்திரம் கழுவ ஓர் அக்கா வருகிறார். நாலு வீடு முடித்து அவர் வீட்டுக்குப் போய் ஐந்தாவது வீடு பார்க்கிறார். அவருக்கு லீவு என்றால் என் மனைவிக்கு ஒரு ஷிப்ட் கூடுதல். எனக்கு வழக்கமான நாள்.

*

சனிக்கிழமை நடந்ததைச் சுருக்காமல் எழுத வேண்டும்.

வெள்ளி ராத்திரி மோட்டார் போடவில்லை, மேல் தொட்டி காலி. சோப்புப் போட்ட தலையோடு குளியலறையிலிருந்து நான் கத்தினேன். பிறகு வெளியே வந்து, வழக்கமாக எல்லாக் கணவன்மாரும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரிங்க. நாளைக்கு லீவுதான். நாளைக்குப் பூரா சொல்றனுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். மனசில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை.

"மாவு பொங்கியிருக்குதான்னு பாக்கோணும். இல்லீன்னா உப்புமா. உப்புமான்னா அத்தை சாப்பிட மாட்டாங்க, அவங்களுக்கு ரெண்டு இட்லி தனியா வெக்கோணும்."

"நாளைக்குத் தண்ணி வர்ற நாளுங்க. இன்னைக்கே கீழ்த் தொட்டியக் கழுவிப் போடோணும்."

"அத்தை பிரஷர் மாத்திரை மூணுதான் இருக்குது. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கடை மத்தியானத்தோட சாத்திருவாங்க."

"கேஸ் வந்து நாப்பது நாளாச்சு. புக் பண்ணோணும்."

"தயிர் புளிச்சுப் போச்சு. மோர்க்குழம்பு வெச்சரலாம். தேங்காய் இருக்குதா பாக்கோணும்."

"உங்க சித்தப்பா பேத்திக்கு அடுத்த மாசம் காதுகுத்து. போன தடவை அவங்க நம்ம புள்ள கல்யாணத்துக்கு என்ன செஞ்சாங்கன்னு நோட்டுல பாக்கோணும்."

"உங்க நீலச் சட்டையில ரெண்டாவது பட்டன் ஆடுது."

"மாடியில மொளகா காயுது. பதினொண்ணுக்கு ஒருக்காத் திருப்பி விடோணும்."

நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். பேப்பர் படிக்க முடியவில்லை. டி.வி. பார்க்க முடியவில்லை. ஒன்றை எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. 31 வரை வந்தது. ஒன்பதே கால் மணிக்கு, என்னையறியாமல், "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நான் சும்மா இருந்தா இதெல்லாம் ஆருங்க நெனப்பு வெச்சுக்கறது?"

இந்த 31ஐயும் சொன்ன நேரத்தில் அவள் இட்லி வார்த்து, சட்னி அரைத்து, அம்மாவுக்கு வெந்நீர் வைத்து, துணியை மெஷினில் போட்டிருந்தாள். சர்வேக்காரர்கள் வந்திருந்தால் 'சமையல்' என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். நெனப்பு வைத்திருப்பது அந்த வரியில் வராது. ஆனால் எங்கள் மில்லில் அதற்கு ஆள் இருந்தது. ஸ்டோர் கீப்பர் என்று பெயர். எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது, எது எவ்வளவுக்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்று பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. தனி மேஜை, ஓர் உதவியாளர், வருஷாவருஷம் இன்கிரிமென்ட். அவருடைய சம்பளப் பட்டுவாடாவை நான்தான் எழுதினேன். ஒருநாளும் அவர் ஸ்பேனரைத் தொட்டதில்லை. அவரைச் சும்மா இருக்கிறார் என்று ஜி.எம். சொன்னதும் இல்லை.

31இல் இரண்டை நான் முடித்தேன். கேஸ் புக் செய்தது, மாத்திரை வாங்கி வந்தது. அட்டையைப் பார்த்தவள் கேட்டாள்: "சீட்டக் கொண்டுபோய்க் காட்டி வாங்கினீங்ளா?" அம்மாவுக்கு 5 மில்லிகிராம். நான் வாங்கி வந்தது 2.5. திரும்பப் போனேன். அந்த நடையையும் நேரத்தில் சேர்த்துக்கொண்டேன்.

*

ஆயுத பூஜை. மில்லில் அன்று எந்த மிஷினும் ஓடாது. சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் கொடுத்து எல்லாவற்றுக்கும் ஓய்வு. லாரிக்கு ஓய்வு, தறிக்கு ஓய்வு, பள்ளிப் புத்தகத்துக்குக்கூட ஓய்வு. எங்கள் வீட்டில் என் கால்குலேட்டருக்குப் பொட்டு வைத்தோம். அவள் அரிவாள்மனைக்கும் கிரைண்டருக்கும் அடுப்புக்கும் பொட்டு வைத்தாள். வைத்த கையோடு சுண்டலுக்குத் தேங்காய் சீவ வேண்டியிருந்தது. அரிவாள்மனைப் பொட்டு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

*

நோட்டு முடியப் போகிறது. பின்பக்கத்திலிருந்து அவள் பால் கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு கணக்கும் நடுவில் ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இன்றைய கணக்கு: 74 நிமிடம். நாட்டின் கேலரி ஏறாத ஆண்களின் சராசரிக்கு இன்னும் 14 பாக்கி. கிரைண்டர் கழுவியதை இதில் சேர்க்கவில்லை. குழவிக்கு அடியில் மாவு ஒட்டியிருந்ததால், அதை அவள் மறுபடி கழுவினாள்.